பின்னவர் எழுதிய முன்கதைகள்: எவற்றை வாங்கலாம், எவற்றை விட்டுவிடலாம்

புகழ்பெற்ற ஓர் அறிவியல் புனைகதை தொடங்குவதற்கு முன்பு அந்த உலகில் என்ன நடந்திருக்கும் என்பதை, மூல ஆசிரியர் அல்லாத வேறொருவர், பெரும்பாலும் அவர் மறைந்த பிறகு, நாவலாக எழுதி வெளியிடும் வழக்கம் 1990களின் பிற்பகுதியிலிருந்து ஆங்கிலப் பதிப்புலகில் ஒரு தனிக் கிளையாகவே வளர்ந்திருக்கிறது. இராமநாதபுரம் கடற்கரையில் இருந்துகொண்டு இந்த நூல்களை வாங்க விரும்பும் வாசகருக்கு, கடையில் எடுத்துச் சில பக்கங்களைப் புரட்டிப் பார்த்து முடிவு செய்யும் வசதி அநேகமாகக் கிடையாது. மாவட்டப் புத்தகத் திருவிழாவிலும் ஆங்கில அறிவியல் புனைகதைக்குக் கிடைக்கும் இடம் சிறியது என்பதால், இணையத்தில் பணம் கட்டி வரவழைக்கிறோம், அல்லது மதுரைக்குப் போகும் வேலை இருந்தால் அங்கே தேடுகிறோம். வந்து சேரும் புத்தகத்தின் அட்டையில் மூலநூலின் உலகம் பெரிய எழுத்தில் இருக்கும். உள்ளே இருப்பது அதே தரம்தானா என்பது நூறு பக்கம் படித்த பிறகே தெரியும். அப்படிப் படித்துப் பார்த்தவற்றில் எவை காசுக்கும் நேரத்துக்கும் தகுந்தவை என்பதை இங்கே எழுதுகிறேன்.

முன்கதைகளை நான் எடைபோடும் முறையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு நல்ல நாவல் சொல்லாமல் விட்டவற்றில் இரண்டு வகை உண்டு. ஆசிரியருக்கு அப்போது தேவைப்படாததால் தொடாமல் போன செய்திகள் ஒரு வகை. சொல்லாமல் விட்டால்தான் கதைக்கு வலிமை என்று அறிந்தே அவர் அடக்கி வைத்தவை இன்னொரு வகை. முன்னதை எடுத்து விரிப்பவர் மூலநூலுக்கு நன்மை செய்கிறார். பின்னதைத் திறந்து காட்டுபவர், தன் புத்தகம் எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும், மூலநூலைக் குறைத்துவிடுகிறார். முன்கதையைப் படித்து முடித்து மூலநூலுக்குத் திரும்பும்போது அது முன்பைவிடப் பெரிதாகத் தெரிகிறதா, சிறிதாகத் தெரிகிறதா என்பதே என் அளவுகோல்.

பின்னால் வந்தவர் முன்னால் நடந்ததைச் சொல்வது நமக்குப் புதிதல்ல. இராமேசுவரத்துத் தீர்த்தங்களின் பெருமையையும் தோற்றத்தையும் நிரம்பவழகிய தேசிகர் சேதுபுராணமாகப் பாடியபோது, இராமகதை இந்த மண்ணில் பல நூற்றாண்டுகளாகப் புழங்கிக்கொண்டிருந்தது. நாவலிலும் நமக்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. கல்கி முதலில் எழுதியது ‘பார்த்திபன் கனவு’. அதற்கு முற்பட்ட காலத்தைச் சொல்லும் ‘சிவகாமியின் சபதம்’ அதன் பிறகுதான் வந்தது. முதல் நாவலைப் படித்திருந்த வாசகருக்கு, நரசிம்மவர்மர் வாதாபிப் போரில் பிழைத்து, அரசாண்டு, குந்தவிக்குத் தந்தையாகவும் இருப்பார் என்பது தெரியும். அப்படித் தெரிந்திருந்தும் சிவகாமியின் கதை நெஞ்சை அழுத்துகிறது. தெரிந்திருப்பதனாலேயே அழுத்துகிறது என்றும் சொல்லலாம், ஏனெனில் அந்தச் சக்கரவர்த்தி அடைந்ததை மட்டுமே அறிந்திருந்தவர்களுக்கு அவர் இழந்ததை அது காட்டுகிறது. அங்கே மூலக்கதையும் முன்கதையும் ஒரே கையிலிருந்து வந்தன. வேறு கைகள் எழுதும்போது இது எவ்வளவு அரிது என்பதைத்தான் இனி பார்க்கப் போகிறோம்.

நம் கடலோடு நேரடித் தொடர்புள்ள நூலிலிருந்து தொடங்குவதே முறை. ஜூல்ஸ் வெர்னின் ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீகுகள்’ நாவலின் இரண்டாம் பாகத்தில், 1868ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில், நாட்டிலஸ் நீர்மூழ்கி இலங்கைக் கரையை நெருங்குகிறது. அதன் தலைவர் கேப்டன் நெமோ தன் விருந்தினர்களை மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிக்கும் களமான சலாபத்துக்கு அழைத்துச் செல்கிறார். சலாபம் தொடங்குவதற்கு இன்னும் நாள் இருக்கிறது, படகுகள் கூடவில்லை. அந்த வெறிச்சோடிய நீரில் ஏழைக் குளியாளி ஒருவர் தனியாக வந்து, கால்களுக்கிடையில் கல்லைப் பற்றிக்கொண்டு இறங்கிச் சிப்பி அள்ளுகிறார். சுறா ஒன்று அவர்மேல் பாய்கிறது. நெமோ கத்தியோடு குறுக்கே பாய்ந்து போராடுகிறார், விருந்தினர்களில் ஒருவரான நெட் லேண்டின் ஈட்டி சுறாவை முடிக்கிறது, மயங்கிக் கிடந்தவரை மேலே கொண்டுவந்து மூச்சு வரவைத்த பிறகு நெமோ தன் பையிலிருந்து ஒரு முத்துப் பையை எடுத்து அவர் கையில் வைக்கிறார். மனித குலத்தையே வெறுத்துக் கடலுக்குள் போன ஒருவர் இதை ஏன் செய்தார் என்று பேராசிரியர் அரோனாக்ஸ் வியக்கும்போது, அந்த இந்தியர் ஒடுக்கப்பட்ட நாட்டின் குடிமகன் என்றும், தன் கடைசி மூச்சுவரை தானும் அந்த நாட்டவனே என்றும் நெமோ பதில் சொல்கிறார்.

அந்தக் குளியாளியின் ஊரை வெர்ன் சொல்லவில்லை. ஆனால் இலங்கைச் சலாபங்களுக்குக் கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் குளியாளிகள் போய்வந்தது வரலாறு. நாவலின் ஆயிரக்கணக்கான கடல் மைல்களில், நெமோவின் நெஞ்சம் வெளிப்படையாகத் திறக்கும் மிகச் சில இடங்களில் ஒன்று நம் வளைகுடாவில் இருக்கிறது. இளமையில் சங்கு குளித்த என் மாமாவிடம் இந்த அத்தியாயத்தைத் தமிழில் சொல்லிக் காட்டியபோது, சுறாவைப் பற்றியோ நீர்மூழ்கியைப் பற்றியோ அவர் எதுவும் கேட்கவில்லை. “கயிறு பிடிக்க மேல ஆள் இல்லாம ஒருத்தன் தனியா இறங்குறான்னா, அவன் வீட்ல அன்னைக்கு உலை ஏறலைன்னு அர்த்தம் மாப்ளே” என்றார். வெர்ன் ஒரு வரியில் தொட்டுவிட்டு நகர்ந்த வறுமையை, கடலில் உழைத்தவர் ஒரே மூச்சில் கண்டுகொண்டார்.

நெமோ யார் என்ற கேள்விக்கு வெர்னே 1875இல் ‘மர்மத் தீவு’ நாவலில் விடை கொடுத்தார். பந்தேல்கண்ட் அரசரின் மகன், திப்பு சுல்தானின் மருமகன் முறையாகும் இளவரசர் டக்கார். சிறுவயதிலேயே ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டுக் கல்வி கற்றவர். 1857 எழுச்சியில் முன்னணியில் நின்று போரிட்டுக் குடும்பத்தையும் நாட்டையும் இழந்தவர். வெர்னின் முதல் எண்ணம் அவரை ரஷ்யருக்கு எதிரான ஒரு போலந்துப் பிரபுவாக அமைப்பது. பதிப்பாளர் ஹெட்ஸெல் அதை ஏற்கவில்லை. இப்படி வந்து சேர்ந்ததானாலும், இந்தியப் பிறப்பு நெமோவுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. ஒரு பேரரசின் கப்பல்களை மூழ்கடிக்கும் ஆத்திரம் எங்கிருந்து வந்தது, முத்துக்குளிப்பவருக்காக உயிரைப் பணயம் வைத்தது ஏன் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அது ஒரே விடையாக அமைகிறது. அதே சமயம், அந்த விடை ‘மர்மத் தீவி’ல் சில பக்கங்களுக்குள் சுருங்கி முடிந்துவிடுகிறது. பந்தேல்கண்டின் அரண்மனையும், ஐரோப்பியக் கல்வியும், போரும், தோல்விக்குப் பிறகு ஆளில்லாத தீவில் நாட்டிலஸைக் கட்டியதும் விரிவாக எழுதப்படாமலே கிடக்கின்றன. முன்கதை எழுதுவதற்கு இதைவிடத் திறந்த வாசல் அறிவியல் புனைகதை முழுவதிலும் இருக்கிறதா என்பது ஐயமே.

அந்த வாசலில் நுழைந்தவர் கெவின் ஜே. ஆண்டர்சன். 2002இல் வெளிவந்த அவருடைய ‘கேப்டன் நெமோ’ நாவலில் கதாநாயகன் ஆந்த்ரே நெமோ என்ற பிரெஞ்சு இளைஞன். நான்ட் நகரில் சிறுவன் ஜூல்ஸ் வெர்னோடு சேர்ந்து வளர்கிறான். கரோலின் அரோனாக்ஸ் என்ற பெண்ணை இருவரும் விரும்புகிறார்கள். தந்தை இறந்ததும் நெமோ கடலேறுகிறான். கடற்கொள்ளையர், ஆளில்லாத தீவு, பூமியின் உட்புறம், பலூனில் ஆப்பிரிக்கா, கிரிமியப் போர், ரோபூர் என்ற காலிஃபாவின் சிறை என்று வெர்னின் நாவல்கள் அனைத்தையும் அவனே வாழ்ந்து முடிக்கிறான்; வீட்டில் தங்கிவிட்ட வெர்ன் அவன் சொன்னவற்றைக் கதைகளாக எழுதுகிறார். நடை வேகமானது. வெர்னை முழுவதுமாகப் படித்த ஒருவரின் பிரியம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. பழைய நாவல்களின் நிகழ்ச்சிகளை அடையாளம் காணும் விளையாட்டில் இன்பமும் இருக்கிறது. இவற்றை நான் மறுக்கவில்லை.

ஆனால் டக்கார் இல்லை. பந்தேல்கண்ட் இல்லை, 1857 இல்லை, எரிந்த அரண்மனை இல்லை. 1870இல் வந்த முதல் நாவலில் நெமோவின் நாடு வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை, எனவே பின்னவர் அவரை எந்த நாட்டவராகவும் ஆக்கலாம் என்று ஒருவர் வாதிடக்கூடும். தீவில் ஒதுங்கி வாழும் கதையையும் சேர்த்து எடுத்துக்கொண்டுவிட்டு அந்த மனிதரின் பிறப்பை மட்டும் விட்டுவிடுவதற்கு அந்த வாதம் போதாது. ஆத்திரத்துக்கு வேறொரு காரணத்தை ஆண்டர்சன் தருகிறார்: சிறையும், கட்டாயப் பணியும், போரின் கொடுமையும். அவை ஒரு சாகச நாயகனின் துன்பங்கள். அவற்றைச் சுமந்துகொண்டு மூலநூலுக்குத் திரும்பினால், மன்னார்க் கடலில் நெமோ சொல்லும் அந்தப் பதில் வெறும் இரக்கமாக இளைத்துவிடுகிறது. தன் நாட்டவர் ஒருவரைக் காப்பாற்றிய இளவரசர் அங்கே இல்லை. அயல்நாட்டு ஏழைக்குப் பரிசளிக்கும் ஐரோப்பியர் மட்டுமே நிற்கிறார். இந்தக் கரையில் பிறந்த வாசகர் இதைச் சிறு மாற்றம் என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பின்னர் 2024இல் வெளியான ‘நாட்டிலஸ்’ தொலைக்காட்சித் தொடர் நெமோவை மீண்டும் இந்திய இளவரசராகக் காட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனியையே எதிரியாக நிறுத்தியது. அந்த அளவில் அது வெர்னுக்கு நெருக்கமானது. நாவல் வடிவில் டக்காருக்கு உரிய முன்கதை வேண்டும் என்ற என் ஆசை இன்னும் தீரவில்லை. ஆண்டர்சனின் நூலை விலைக்கு வாங்க நான் பரிந்துரைக்க மாட்டேன். நூலகத்தில் கிடைத்தால் வெர்ன் வாசகர்கள் ஒருமுறை படிக்கலாம்.

அதே ஆண்டர்சன், ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் மகன் பிரையன் ஹெர்பர்ட்டோடு சேர்ந்து எழுதியவைதான் இந்த வகையிலேயே அதிகம் விற்கப்படும் ‘டூன்’ முன்கதைகள். ஃபிராங்க் ஹெர்பர்ட் 1986இல் காலமானார். 1999, 2000, 2001 ஆகிய ஆண்டுகளில் அட்ரைடீஸ், ஹார்கோனன், கொரினோ என்ற மூன்று அரச குடும்பங்களின் பெயரில் மூன்று நாவல்கள் வந்தன. பிறகு பத்தாயிரம் ஆண்டு பின்னால் போய், எந்திரங்களுக்கு எதிரான புனிதப் போரைச் சொல்லும் மூன்று நாவல்கள் 2002 முதல் 2004 வரை. அதற்கடுத்த காலத்துக்கு 2012 முதல் 2016 வரை இன்னொரு மூன்று. 2020 முதல் 2022 வரை காலடான் கோளை வைத்து மேலும் மூன்று. இடையிடையே தனி நாவல்களும் தொடர்ச்சிகளும் உண்டு. அனைத்தையும் வாங்கினால் ஓர் அலமாரித் தட்டு நிறைந்துவிடும். அத்தனையும் தேவையில்லை.

‘டூன்’ 1965இல் நூலாக வந்தது. அமெரிக்காவின் ஓரிகான் கரையில், ஃபுளாரன்ஸ் என்ற ஊரருகே நகர்ந்துகொண்டிருந்த மணல்மேடுகளைப் புல் நட்டு நிறுத்திய வேளாண் துறையின் பணியைப் பற்றிக் கட்டுரை எழுதப் போன ஹெர்பர்ட்டின் மனதில் முளைத்த கதை அது. தனுஷ்கோடிச் சாலையில் கச்சான் காற்று மாதங்களில் பயணம் செய்தவர்களுக்கும், சவுக்குத் தோப்புகள் எதற்காக நடப்பட்டன என்று அறிந்தவர்களுக்கும் அந்த நாவலின் அடித்தளத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியில் எஞ்சிய தேவாலயச் சுவர்களை மணல் எப்படி எடுத்துக்கொண்டது என்பதைக் கண்ணால் பார்த்த சமூகம் நாம். மணலை அடக்குவது வேர்களாலும் நீராலும் தலைமுறைகளின் பொறுமையாலும் மட்டுமே முடியும் என்பதுதான் ‘டூன்’ நாவலின் ஆழத்தில் ஓடும் செய்தி. அரசியலும் போரும் தீர்க்கதரிசனமும் அதன்மேல் கட்டப்பட்டவை.

இந்த அடித்தளத்தை முன்கதைகள் எங்கே தொடுகின்றன? அட்ரைடீஸ் குடும்பத்தின் பெயர் தாங்கிய முதல் நாவலில், பார்டோட் கைன்ஸ் என்ற கோளியலாளர் பாலைக் கோளுக்கு வந்து சேர்வதும், அங்கே வாழும் ஃப்ரெமென் மக்களிடையே பசுமைக் கனவை விதைப்பதும் ஒரு கிளைக்கதையாக வருகின்றன. அந்த நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். ஆனால் அதன் கருவெல்லாம் மூலநூலின் பின்னிணைப்பிலேயே இருக்கிறது. கைன்ஸைக் கொல்ல அனுப்பப்பட்ட உலியெட் என்ற வீரன், அவர் தன்னைப் பொருட்படுத்தாமல் நீர் சேகரிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே கடந்து போவதைக் கண்டு, மூன்று அடி நடந்து தன் கத்தியின்மேலேயே விழுகிறான் என்று ஹெர்பர்ட் சில வரிகளில் எழுதிவிட்டார். அவன் மனதில் என்ன ஓடியது என்று ஹெர்பர்ட் சொல்லவில்லை. சொல்லாததால்தான் அந்த மரணம் ஒரு தொன்மக் கதையின் உறுதியைப் பெறுகிறது. முன்கதை அதே நிகழ்ச்சியைக் காட்சியாக விரித்து எழுதும்போது செய்தி கூடுகிறது, வலிமை கூடவில்லை.

இதைவிடக் கடுமையான உதாரணம் காளையின் தலை. மூலநூலில் அட்ரைடீஸ் குடும்பம் அராக்கிஸ் என்ற அந்தப் பாலைக் கோளுக்கு இடம்பெயரும்போது, முதிய டியூக்கைக் கொன்ற காளையின் தலையும் அவருடைய ஓவியமும் உணவுக்கூடத்தில் மாட்டப்படுகின்றன; கொம்பில் இரத்தக் கறை அப்படியே இருக்கிறது. வீரத்துக்கும் வீண்பெருமைக்கும் இடையில் நின்று இறந்துபோன ஒரு தந்தையின் நிழலில் மகன் உணவருந்துகிறான் என்பதை அந்தத் தலை பேசாமலே சொல்கிறது. முன்கதை அந்தச் சாவை ஒரு சதியாக்குகிறது: காளைக்கு மருந்து கொடுக்கப்பட்டதாகவும், அதன் பின்னால் மனைவியின் கை இருந்ததாகவும் வருகிறது. அதன் பிறகு அந்தக் காளையின் தலை ஒரு குற்றத்தின் தடயமாக மட்டுமே எஞ்சுகிறது. எதிரிக் குடும்பத்தின் தலைவரான பாரன் ஹார்கோனனின் பருத்த உடலுக்கும் இதுவே நேர்கிறது. மூலநூலில் அது அவருடைய அடங்காப் பசியின் உருவம். முன்கதையில் அது ஒரு பெண் பழிவாங்குவதற்காக ஏற்றிய நோய். இப்படி ஒவ்வொன்றுக்கும் வெளியிலிருந்து ஒரு காரணம் வந்து சேரும்போது, மனிதர்கள் தாங்களே தேர்ந்துகொண்டு கெடும் அந்தப் பழைய பயங்கரம் கரைந்துபோகிறது.

எந்திரங்களுக்கு எதிரான போரைச் சொல்லும் மூன்று நாவல்களைப் பற்றி வாசகர்களிடையே கடுமையான கருத்துகள் உண்டு. நான் அவற்றில் பாதியைத்தான் ஏற்கிறேன். மூலநூலின் தொடக்கத்தில் மூத்த அன்னை என்று அழைக்கப்படும் பெண் குரு, கதாநாயகன் பால் அட்ரைடீஸிடம் சொல்வது இது: மனிதர்கள் விடுதலை கிடைக்கும் என்று நம்பித் தங்கள் சிந்தனையை எந்திரங்களிடம் ஒப்படைத்தார்கள், அது எந்திரம் வைத்திருந்த வேறு மனிதர்கள் அவர்களை அடிமைப்படுத்தவே வழிசெய்தது. இன்று அதைப் படிக்கும்போது உடல் சிலிர்க்கிறது. முன்கதைகளில் அந்த நுட்பமான அடிமைத்தனம் ஓம்னியஸ் என்ற எந்திர மூளைக்கும் மனிதப் படைகளுக்கும் நடக்கும் விண்வெளிப் போராக மாறிவிடுகிறது. மூலநூலின் சொல்லடைவே உணர்வுள்ள எந்திர மனிதர்களைக் குறிப்பிடுகிறது என்பதால் ஆசிரியர்கள் ஆதாரமின்றி எழுதினார்கள் என்று சொல்வது நியாயமாகாது. இருந்தும், எரிச்சலூட்டும் அளவுக்கு எளிமையான எதிரியை அவர்கள் தேர்ந்துகொண்டார்கள். குழந்தையை மாடத்திலிருந்து எறிந்து கொல்லும் எந்திரத்தை யாரும் வெறுப்பார்கள். வசதிக்காகத் தன் அறிவை அடகுவைக்கும் மனிதனை வெறுக்கத்தான் பெரிய எழுத்து தேவைப்படுகிறது.

அந்த வரிசையில் ஒரே ஓர் இடம் உண்மையாகவே மூலநூலை உயர்த்துகிறது. அபுலுர்ட் ஹார்கோனன் என்பவர் கொரின் போருக்குப் பிறகு கோழைத்தனத்துக்காக நாடு கடத்தப்பட்டார் என்று ஹெர்பர்ட்டின் பின்னிணைப்பு ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. 2004இல் வந்த மூன்றாம் நாவல், அந்தக் கோழைத்தனம் என்ன என்று கேட்கிறது. எதிரி அப்பாவி மனிதர்களைக் கேடயமாக நிறுத்தியிருக்கும்போது அவர்களையும் சேர்த்து அழிக்கும் கட்டளையைத் தடுத்து, ஆயுதங்களைச் செயலிழக்கச் செய்தவர் அவர். வென்றவர்கள் எழுதிய ஏட்டில் அது கோழைத்தனம் ஆயிற்று. இதைப் படித்த பிறகு அட்ரைடீஸ், ஹார்கோனன் ஆகிய இரு குடும்பங்களின் பகைமை முழுவதும் வேறு நிறம் பெறுகிறது. ஹெர்பர்ட் அடக்கி வைத்த மௌனம் எதையும் இது கலைக்கவில்லை. அவர் தொடாமல் விட்ட ஒரு வரியை எடுத்து, அதை எழுதிய வரலாற்றாசிரியனையே கேள்வி கேட்கிறது. முன்கதை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். பிரையன் ஹெர்பர்ட்டும் ஆண்டர்சனும் இந்தத் திறமையை அடிக்கடி பயன்படுத்தாதது வருத்தமளிக்கிறது. வாங்குவதானால் அட்ரைடீஸ் நாவலும் கொரின் போர் நாவலும் போதும்; பின்னதற்கு முந்தைய இரண்டின் கதைச்சுருக்கத்தைத் தெரிந்துகொண்டு நுழையலாம்.

அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ வரிசையின் நிலைமை வேறு. 1942 முதல் இதழில் வந்த கதைகள் 1951, 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் மூன்று நூல்களாயின. பெருந்திரள் மக்களின் எதிர்காலத்தைக் கணிக்கும் உளவரலாறு என்ற கணிதத்தைப் படைத்த ஹாரி செல்டன் முதல் நூலின் முதற்பகுதியில் மட்டுமே உயிரோடு வருகிறார். அதன் பிறகு காலப் பெட்டகத்தில் தோன்றும் பதிவுருவாகப் பேசுகிறார். அவருடைய வாழ்க்கையை அசிமோவே 1988இலும், அவர் இறந்த பின் 1993இல் வெளியான நூலிலும் எழுதிவிட்டார். ஆகவே குடும்பத்தாரின் ஒப்புதலோடு கிரெகரி பென்ஃபோர்ட் 1997இலும், கிரெக் பேர் 1998இலும், டேவிட் பிரின் 1999இலும் ஆளுக்கொரு நூலாக எழுதிய மூன்று முன்கதைகளுக்கு எஞ்சியது குறுகிய இடம்தான். மூவருமே அறிவியலை நன்கு அறிந்த, தனித்த புகழுடைய எழுத்தாளர்கள். யாரும் அசிமோவின் குரலைப் போலி செய்ய முயலவில்லை.

பென்ஃபோர்ட் இயற்பியலாளர். அவர் பேரண்டத்தில் தொலைவைச் சுருக்கும் புழுத்துளைகளைத் திறந்துவிடுகிறார், வால்டேரையும் ஜோன் ஆஃப் ஆர்க்கையும் கணினி உருவங்களாக உயிர்ப்பித்து நூற்றுக்கணக்கான பக்கங்கள் வாதிட வைக்கிறார். அந்த வாதங்கள் தனியே படிக்கத் தக்கவை. ஆனால் செல்டனின் கதையில் அவற்றுக்கு என்ன வேலை என்பது கடைசிவரை எனக்கு விளங்கவில்லை. கிரெக் பேர் அடக்கமானவர். முதல் நூலில் நாம் படித்த செல்டனின் நீதிமன்ற விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது, திரைக்குப் பின்னால் மனிதர்களுக்கு எது நன்மை என்பதைப் பற்றி எந்திர மனிதர்களே இரு பிரிவாகப் பிரிந்து போராடிக்கொண்டிருந்தார்கள் என்று அவர் காட்டுகிறார். மூலத்தில் சொல்லப்பட்ட எதுவும் மாறுவதில்லை. ஆனால் அந்த விசாரணையை மறுபடி படிக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் இன்னொரு காது கேட்டுக்கொண்டிருப்பது தெரிகிறது. டேவிட் பிரின், முதுமையில் சக்கர நாற்காலியில் முடங்கிய செல்டனைக் கடைசியாக ஒரு பயணத்துக்கு அனுப்புகிறார். தன் திட்டம் மனிதகுலத்தைக் காக்குமா, அல்லது அன்பான காவலர்களின் கையில் என்றென்றும் குழந்தையாகவே வைத்திருக்குமா என்று அந்தக் கிழவர் தன்னையே கேட்டுக்கொள்ளும் பகுதிகள் அசிமோவின் அடிப்படைக் கேள்வியை அவரைவிட ஒரு படி முன்னே கொண்டுபோகின்றன. மூன்றில் ஒன்று என்றால் பேர் எழுதியதை வாங்குங்கள். இரண்டு என்றால் பிரினையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் படித்தவற்றில் முதலிடம் கிறிஸ்டோபர் பிரீஸ்ட் 1976இல் எழுதிய ‘விண்வெளி எந்திரம்’ நாவலுக்குத்தான். எச். ஜி. வெல்ஸின் 1895ஆம் ஆண்டுக் ‘கால எந்திரம்’, 1898ஆம் ஆண்டு ‘உலகங்களின் போர்’ ஆகிய இரண்டையும் இது ஒரே கதையாக இணைக்கிறது. 1893இல் எட்வர்ட் டர்ன்புல் என்ற இளம் விற்பனையாளரும் அமீலியா என்ற பெண்ணும் கால எந்திரத்தில் ஏறித் தவறுதலாகச் செவ்வாய்க் கோளில் போய் இறங்குகிறார்கள். அங்கே பூமிமேல் படையெடுக்க ஆயத்தங்கள் நடந்துகொண்டிருக்கின்றன. செவ்வாய்வாசிகள் தங்கள் பயணத்துக்கு உணவாக இரண்டுகால் உயிரினங்களைக் கொண்டுவந்திருந்தார்கள், அவற்றின் இரத்தத்தை உறிஞ்சினார்கள் என்று வெல்ஸின் நாவலில் ஒரு சிறு குறிப்பு உண்டு. வேகமாகப் படிப்பவர் அதைக் கவனிக்காமலே கடந்துவிடுவார். பிரீஸ்ட் அங்கே நின்றுவிட்டார். அந்த இரண்டுகால் உயிரினங்கள் யார், அவர்களுடைய நகரங்கள் எப்படி இருந்தன, தங்கள் இரத்தம் எதற்காக எடுக்கப்படுகிறது என்று அறிந்தே எப்படி வாழ்ந்தார்கள் என்று ஒரு முழு உலகத்தை எழுப்பினார். அடிமைப்பட்ட மக்களின் கண்ணால் படையெடுப்பைப் பார்க்க வைத்ததால், பூமியின்மேல் விழும் உருளைகளை நாம் இரட்டைத் துயரத்தோடு பார்க்கிறோம்: வருகிறவர்களைக் கண்டு அஞ்சுகிறோம், அவர்கள் விட்டுவந்த கோளுக்காக வருந்துகிறோம். நடையும் விக்டோரியா காலத்து நிதானத்தில் அமைந்திருக்கிறது. வெல்ஸ் தாமே ஒரு பாத்திரமாக வந்து சேரும் பிற்பகுதி முற்பகுதியளவுக்கு இறுக்கமாக இல்லை என்பது உண்மை. அதற்காக இந்த நூலைத் தவிர்க்க வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லாரி நிவனின் ‘ரிங்வேர்ல்ட்’ 1970இல் வந்தது. எட்வர்ட் லெர்னரோடு சேர்ந்து நிவனே எழுதிய ‘ஃப்ளீட் ஆஃப் வேர்ல்ட்ஸ்’ 2007இல் தொடங்குகிறது. மூல ஆசிரியரின் கை கூடவே இருப்பதால் விதிகள் எங்கும் பிசகவில்லை. அச்சமே அறிவு என்று வாழும் பப்பட்டியர் இனத்தின்கீழ், தங்கள் வரலாறே தெரியாமல் பணிசெய்யும் மனிதர்களின் கதை என்பதால் தனியாகவும் படிக்கலாம். அசிமோவின் எந்திர மனிதக் கதைகளில் வரும் உளவியலாளர் சூசன் கால்வினை இளம் மருத்துவராகக் காட்டும் மிக்கி ஸக்கர் ரைக்கர்ட்டின் மூன்று நாவல்கள் 2011இல் தொடங்கின. ஆசிரியரே மருத்துவர் என்பதால் மருத்துவமனைப் பகுதிகள் நம்பும்படி இருக்கின்றன, ஆனால் அசிமோவின் கால்வினிடம் இருந்த குளிர்ந்த கூர்மை இந்த இளம்பெண்ணிடம் எப்படி வந்து சேரப் போகிறது என்பதற்கான தடம் தெரியவில்லை.

மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு வாங்குவதானால், கென்னத் ஓப்பல் 2011இல் எழுதிய, விக்டர் ஃபிராங்கன்ஸ்டைனின் பதின்பருவத்தைச் சொல்லும் நாவல் நல்ல தேர்வு. மேரி ஷெல்லியின் 1818ஆம் ஆண்டு மூலநூலில் இல்லாத ஓர் இரட்டைச் சகோதரனை அவர் படைத்து, அவன் நோயைத் தீர்க்க அமுதம் தேடும் கதையாக எழுதியிருக்கிறார். மரணத்தை வெல்லும் வெறி அன்பிலிருந்தும் பொறாமையிலிருந்தும் ஒருசேர எப்படிப் பிறக்கிறது என்பது மாணவருக்கும் எட்டும் எளிய ஆங்கிலத்தில் இருக்கிறது. 2012இல் வந்த இரண்டாம் பாகம் அதே அளவுக்குத் தேறவில்லை என்பதால், முதல் பாகத்தை மட்டும் வாங்கிக் கொடுத்து, அதை முடித்த கையோடு ஷெல்லியின் மூலநூலைக் கொடுக்கலாம்.